காரன்வாலிஸ் என்ற குடும்பப்பெயர்: கெல்டியமா, ஜெர்மானியமா?

கோட்டைநடையன் எழுதியது:

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலையைப் பலர் பார்த்திருப்பீர்கள். தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது; 1800-இல் கப்பலில் இங்கே வந்து சேர்ந்தது. எனக்குச் சிலையைவிட அதன் பீடம்தான் முக்கியம். 1792-இல் திப்பு சுல்தானின் பிள்ளைகள் இருவரைப் பணயமாக ஒப்படைக்கும் காட்சி அதில் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. அது வேறு கதை, அதற்கு வேறு இழை தொடங்கலாம். இப்போது என் கேள்வி அந்தப் பெயரைப் பற்றியது.

'நிலையான நிலவரித் திட்டம், 1793, காரன்வாலிஸ்' என்று பள்ளியில் உருப்போட்டதோடு சரி. பெயருக்குப் பொருள் உண்டா என்று யாரும் சொன்னதில்லை. கூட வந்த அக்கா மகள், "கார்ன் என்றால் சோளம், வால் என்றால் சுவர். சோளச்சுவர், மாமா" என்று தீர்ப்பே எழுதிவிட்டாள். இணையத்தில் ஒரு தளம் இது கெல்டியப் பெயர் (வேல்ஸ், ஐரிஷ் மொழிகள் சேர்ந்த குடும்பம்) என்கிறது. இன்னொன்று ஜெர்மானியப் பெயர் (ஆங்கிலம், ஜெர்மன் மொழிகள் சேர்ந்த குடும்பம்) என்று அடித்துச் சொல்கிறது. மூன்றாவது தளம் பொருளையே சொல்லாமல், குடும்பச் சின்னம் பொறித்த தேநீர்க் கோப்பையை என் தலையில் கட்டப் பார்க்கிறது. எதை நம்புவது?

குட்டிச்சுவர் எழுதியது:

என் ஓட்டு சோளச்சுவருக்கே. சுவர் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பழையகாகிதம் எழுதியது:

முதல் இரண்டு தளங்களும் ஆளுக்குப் பாதி சொல்கின்றன. கோப்பைக் கடையை மறந்துவிடுங்கள். இங்கிலாந்தில் குலச்சின்னம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. அதைக் கவனிக்க 1484-இல் தொடங்கிய தனி அலுவலகமே லண்டனில் இருக்கிறது. ஒரே பெயர் கொண்ட எல்லோருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று கிடையாது.

பெயருக்கு வருவோம். காரன்வாலிஸ் என்றால் 'கார்ன்வால்காரர்'. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலப்பகுதிதான் கார்ன்வால். பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மானியர் பேசிய பிரெஞ்சில் 'எய்ஸ்' என்று ஒரு விகுதி உண்டு. லத்தீனின் 'என்சிஸ்' தேய்ந்து வந்தது. 'அந்த ஊரைச் சேர்ந்தவர்' என்று பொருள். 'லே கார்ன்வாலேய்ஸ்' என்று ஏடுகளில் எழுதினார்கள். முன்னால் இருந்த 'லே' காலப்போக்கில் உதிர்ந்தது, பின்னால் இருந்த 'எய்ஸ்' 'இஸ்' ஆனது. வடக்கத்தியர் என்ற பொருளில் 'நாரிஸ்' என்ற பெயர் வந்ததும் இதே வழியில்தான்.

விகுதியைக் கழற்றினால் மிச்சம் 'கார்ன்', 'வால்'. இதில் 'கார்ன்' கெல்டியம். அந்த ஊர் மக்கள் தங்கள் நாட்டைத் தங்கள் மொழியில் 'கெர்னோ' என்கிறார்கள். அந்தப் பெயருக்கு வேராக இருப்பது 'கொம்பு' என்ற பொருள்தரும் கெல்டியச் சொல். 'வால்' ஜெர்மானியம். பழைய ஆங்கிலத்தில் 'வெஆல்ஹ்' என்றால் வேற்றாள், பன்மையில் 'வெஆலாஸ்'. பிரிட்டன் தீவுக்கு ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்சன்கள், அங்கே காலங்காலமாக இருந்த மக்களை அப்படி அழைத்தார்கள். 'வேல்ஸ்' என்ற நாட்டுப் பெயரும் அதே பன்மைதான். ஆக, கார்ன்வால் என்றால் 'கொம்பு நாட்டு வேற்றார்'.

வந்தவன் வீட்டுக்காரனைப் பார்த்து 'நீ வெளியாள்' என்று சொன்ன சொல், நிலைத்துப்போய் நாட்டின் பெயராகிவிட்டது.

இன்னொன்று. இந்த 'வெஆல்ஹ்' ஜெர்மானியச் சொல்லாகவே பிறந்ததும் அல்ல. வோல்காய் என்று ஒரு கெல்டிய இனக்குழு இருந்தது. ஜூலியஸ் சீசர் அவர்களைக் குறிப்பிடுகிறார். ஒரு பிரிவினர் இன்றைய பிரான்சின் துலூஸ் பக்கம் இருந்தார்கள். இன்னொரு பிரிவினர் ரைன் ஆற்றுக்குக் கிழக்கே, ஹெர்சினியக் காட்டையொட்டி, ஜெர்மானியர்களின் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தார்கள். அந்த அண்டை வீட்டாரின் பெயரையே ஜெர்மானியர்கள் எல்லாக் கெல்டியருக்கும் வைத்தார்கள், பிறகு லத்தீன் பேசியவர்களுக்கும் வைத்தார்கள். ஜெர்மானியம் என்று நாம் பிரித்தெடுத்த பாதிக்கு உள்ளேயும் ஒரு கெல்டியப் பெயர் உட்கார்ந்திருக்கிறது. தளங்கள் குழம்புவதில் வியப்பில்லை.

மங்கை டீச்சர் எழுதியது:

பழையகாகிதம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே இனக்குழுவின் பெயர் கண்ணில் பட்ட வெளியாட்கள் எல்லோருக்கும் போவது நமக்குப் பழக்கமான சங்கதி. பிராங்க் என்பது ஒரு ஜெர்மானிய இனக்குழுவின் பெயர். அரபியும் பாரசீகமும் வழியாக நம்மிடம் வந்து 'பரங்கி' ஆயிற்று. போர்த்துகீசியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் பரங்கியர்தான் நமக்கு. பரங்கிமலை இருக்கிறது, பரங்கிக்காயும் இருக்கிறது. அங்கேயும் அப்படியே: வால்நட் என்று நாம் கடையில் வாங்கும் அக்ரூட்டின் பெயரில் இருக்கும் 'வால்' இதே 'வெஆல்ஹ்'தான். வேற்றார் கொட்டை. நம் பரங்கிக்காய்க்கு நேர் தம்பி.

அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இறக்கம் இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் வெசெக்ஸ் என்ற ஆங்கிலோ-சாக்சன் நாட்டு மன்னர் ஐனியின் சட்டத்தைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் இயற்றியது. ஒருவர் கொல்லப்பட்டால் குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய 'ஆள்விலை' அதில் இருக்கிறது. சாதாரண ஆங்கிலக் குடியானவனுக்கு 200 ஷில்லிங். வரி கட்டும் 'வெஆல்ஹ்' என்றால் 120. அவன் மகனுக்கு 100. நிலம் ஐந்து 'ஹைடு' (அக்கால நில அளவை) வைத்திருந்தால் 600 வரை ஏறும். மன்னரின் தூது கொண்டுபோகும் குதிரைக்கார 'வெஆல்ஹ்' என்றால் 200, அதாவது ஆங்கிலக் குடியானவனுக்குச் சமம். அரசரின் குதிரையில் ஏறினால்தான் சமம்! பின்னாளில் இந்தச் சொல்லுக்கு 'அடிமை' என்றே ஒரு பொருள் வந்துவிட்டது.

வேல்ஸ் மக்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. 'கும்ரி' என்கிறார்கள். 'ஒரே நாட்டார்' என்று பொருள்.

வேர்த்தமிழ் எழுதியது:

இவ்வளவு சுற்றுவானேன்? 'கார்ன்' என்றால் கொம்பு என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். தமிழில் 'கோடு' என்றால் கொம்பு. மலைமுகட்டுக்கும் அதே சொல். திருச்செங்கோடு இருக்கிறது. நிலத்தின் முனைக்குக் 'கோடி' என்கிறோம்: கோடிக்கரை, தனுஷ்கோடி. கடலுக்குள் நீளும் நிலத்தைக் கொம்பு என்று பார்த்த முதல் இனம் எது என்று இப்போது விளங்குகிறதா? கோடு, கொம்பு, கார்ன். எல்லாம் 'க'கரத்தில் தொடங்குகின்றன. தமிழ் மாலுமிகள் அங்கே போயிருக்கிறார்கள் என்பது என் துணிபு.

குட்டிச்சுவர் எழுதியது:

கொத்துமல்லியும் 'க'கரம்தான் ஐயா.

பழையகாகிதம் எழுதியது:

வேர்த்தமிழ் ஐயா, கோடு பற்றிய உங்கள் எடுத்துக்காட்டுகள் அருமையானவை. ஆனால் அவை காட்டுவது வேறு. நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தைப் பார்த்தால் எந்த ஊர்க்காரனுக்கும் கொம்பு நினைவுக்கு வரும். ஆப்பிரிக்காவின் கிழக்கு மூலையையும் கொம்பு என்றுதான் சொல்கிறோம். உவமை ஒத்துப்போனால் மொழி ஒத்துப்போனதாக ஆகாது.

மொழி உறவுக்கு வேண்டியது ஒழுங்கான ஒலிமாற்றம். நம் குடும்பத்திலேயே பாருங்கள். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. புலி, ஹுலி. பூ, ஹூ. பல், ஹல்லு. பள்ளி, ஹள்ளி. சொல்லின் முதலில் வரும் 'ப' வரிசையாக 'ஹ' ஆகிறது. ஒரு சொல்லை மட்டும் காட்டி யாரும் உறவு பேசவில்லை. வரிசையைக் காட்டித்தான் பேசுகிறார்கள்.

லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே அதே மாதிரி ஒரு வரிசை உண்டு. லத்தீனில் 'க' வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வரும். லத்தீன் 'கென்டும்', ஆங்கிலம் 'ஹண்ட்ரட்'. நாய்க்கு 'கானிஸ்', 'ஹவுண்ட்'. இதயத்துக்கு 'கோர்', 'ஹார்ட்'. கொம்புக்கு 'கார்னு', 'ஹார்ன்'. மொழியறிஞர்கள் ராஸ்க் 1818-இலும் யாக்கோப் கிரிம் 1822-இலும் இதை எழுதிக் காட்டினார்கள். ஆக, கார்ன்வாலின் 'கார்ன்' ஆங்கில 'ஹார்ன்' என்ற சொல்லுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சோளத்துக்கான ஆங்கிலச் சொல்லோடு அதற்குத் தொடர்பே கிடையாது. அக்கா மகளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இதே விதியை வைத்து வோல்காய் விஷயத்தில் காலமும் கணிக்கலாம். அந்தப் பெயரில் 'க' இருக்கிறது. ஜெர்மானியத்தில் அது 'வால்ஹ்' ஆகி 'ஹ' வந்திருக்கிறது. மாற்றம் நடந்து முடிந்த பிறகு சொல்லை வாங்கியிருந்தால் 'க' அப்படியே தங்கியிருக்கும். எனவே அதற்கு முன்பே வாங்கிவிட்டார்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் என்று அறிஞர்கள் வைக்கிறார்கள். ஆங்கிலோ-சாக்சன்கள் பிரிட்டனுக்கு வரும்போதே இந்தச் சொல் அவர்கள் மூட்டையில் இருந்தது.

வேர்த்தமிழ் எழுதியது:

ஒலிமாற்ற விதிகள் எழுதியவர்களும் ஐரோப்பியர்தானே? நான் என் கருத்தில் நிற்கிறேன்.

தாமர்க்கரை எழுதியது:

வணக்கம். நான் பிளிமத்தில் செவிலியராக வேலை செய்கிறேன். வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், சால்டாஷில். ஆற்றின் பெயர் தாமர். அதுதான் கார்ன்வாலுக்கு எல்லை. ஆங்கிலேய மன்னர் ஏதெல்ஸ்டன் பத்தாம் நூற்றாண்டில் எக்ஸெட்டர் நகரிலிருந்து இவர்களை வெளியேற்றி, இந்த ஆற்றை எல்லையாக வைத்தார் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். இப்போது புரூனல் 1859-இல் கட்டிய ரயில் பாலமும், அதன் பக்கத்தில் 1961-இல் வந்த சாலைப் பாலமும் அந்த எல்லையைத் தாண்டுகின்றன. கார்ன்வாலுக்குள் நுழைந்தால் பலகைகளில் இரண்டு மொழியில் வரவேற்பு இருக்கும்: கீழே 'கெர்னோ' என்ற பெயரோடு, கார்ன்வாலின் பழைய கெல்டிய மொழியான கார்னிஷில் ஒரு வரி. தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் எனக்கு அது இப்போது நம் ஊர்ப் பலகை போலவே ஆகிவிட்டது.

இங்கே என் வார்டில் வேலை செய்யும் ஒரு பெரியம்மாவின் குடும்பப்பெயர் கார்ன்வாலிலேயே நிறைய உண்டு: 'கர்னோ'. அது 'கெர்னோ' என்பதன் வேறு எழுத்துக்கூட்டல். காரன்வாலிஸ் என்றாலும் கர்னோ என்றாலும் பொருள் ஒன்றுதான். ஆனால் காரன்வாலிஸ் என்று ஒருவரை நான் இங்கே பார்த்ததே இல்லை. ஏன்?

இன்னொரு வேடிக்கை. கோடையில் வந்து கடற்கரையை அடைத்துக்கொள்ளும் வெளியூர்ச் சுற்றுலாக்காரர்களை இங்கே 'எம்மெட்' என்கிறார்கள். எறும்பு. கார்னிஷ் மொழிச் சொல் என்றுதான் பலரும் பெருமையாகச் சொல்கிறார்கள். கார்னிஷில் எறும்புக்கு 'மொர்யன்' என்று வேறு சொல் இருக்கிறது. 'எம்மெட்' பழைய ஆங்கிலம். வேற்றார் என்று பெயர் வாங்கியவர்கள், ஆங்கிலேயரைத் திட்ட ஆங்கிலேயரிடமே கடன் வாங்கியிருக்கிறார்கள்.

மங்கை டீச்சர் எழுதியது:

தாமர்க்கரை கேட்ட 'ஏன்' தான் இந்த இழையின் நடு முடிச்சு, மகளே. மதுரைக்குள்ளே யாரையும் 'மதுரைக்காரர்' என்று கூப்பிட மாட்டார்கள். அவர் சேலத்துக்குப் போய்க் கடை வைத்தால் அங்கே அவர் மதுரைக்காரர். ஊரை வைத்து வரும் பட்டப்பெயர் ஊரை விட்டு வெளியே வந்தவருக்குத்தான் ஒட்டும். அதுவும் பெயரை வைப்பவர் அந்த ஊர்க்காரராக இருக்கமாட்டார்.

காரன்வாலிஸ் குடும்பத்தின் சொத்து நாட்டின் நேர் எதிர்மூலையில், கிழக்கே சபோக் மாவட்டத்தில், புரோம் என்ற ஊரில் இருந்தது. குடும்பத்தின் பழைய ஆளாகத் தெரிபவர் தாமஸ் காரன்வாலிஸ் என்ற வணிகர். 1378-இல் லண்டன் நகர ஷெரிப், அதாவது நகர நிர்வாக அதிகாரி. அவருக்கோ அவருடைய முன்னோருக்கோ லண்டன்காரர்கள் வைத்த பெயர் அது. பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலாந்தில் பட்டப்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக உறைந்துகொண்டிருந்தன. மகன் சபோக்கில் பிறந்தாலும் 'கார்ன்வால்காரர்' ஆகிவிட்டார். நம்மவர் சார்லஸ் 1738-இல் லண்டனில் பிறந்தவர். கார்ன்வாலோடு அவருக்கு இருந்த உறவு அந்தக் கையெழுத்து மட்டும்தான்.

கார்னிஷ் மொழியின் கடைசித் தாய்மொழியாளர் என்று மரபாகச் சொல்லப்படும் டாலி பென்ட்ரீத், மவுசோல் என்ற மீனவக் கிராமத்தில் இறந்தது 1777-இல். அதே ஆண்டு இந்தச் சார்லஸ் காரன்வாலிஸ் அமெரிக்க விடுதலைப் போரில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

கோட்டைநடையன் எழுதியது:

டீச்சர், அருமை. அப்படியானால் காரன்வாலிஸ் பிரபு ரத்தத்தில் கெல்டியரா இல்லையா?

பழையகாகிதம் எழுதியது:

பெயரைப் பார்த்து ரத்தத்தைச் சொல்ல முடியாது. 1378-க்கும் 1738-க்கும் நடுவே 360 ஆண்டுகள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு தாய் வேறு குடும்பத்திலிருந்து வருகிறார், அவர்களின் பெயர் நமக்கு வருவதில்லை. கணக்குப் போட்டால் அந்தத் தாமஸின் பங்கு சொட்டு மருந்து அளவுக்குக்கூடத் தேறாது.

இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிரிக்கெட்டில் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் கோர்ட்னி வால்ஷ், ஜமைக்காக்காரர். 'வால்ஷ்' என்றால் 'வேல்ஸ்காரர்', அதே 'வெஆல்ஹ்'. அயர்லாந்தில் மிகப் பரவலான குடும்பப்பெயர்களில் ஒன்று. 1890-இன் பிறப்புப் பதிவுகளை வைத்துப் போட்ட பட்டியலில் மர்பி, கெல்லி, சல்லிவனுக்கு அடுத்து நான்காவது இடம். 1169-70 வாக்கில் ஆங்கிலோ-நார்மானியப் படை அயர்லாந்தில் இறங்கியபோது கூட வந்தவர்களில் பலர் வேல்ஸ் பக்கத்துக்காரர்கள். அவர்களுக்கு ஐரிஷ்காரர்கள் தங்கள் மொழியில் வைத்த பெயர் 'பிரெனாக்', அதாவது பிரிட்டானியர் (ஆங்கிலோ-சாக்சன்களுக்கு முன்பே பிரிட்டனில் இருந்த கெல்டியர்). அதை ஆங்கிலத்தில் பெயர்த்தால் வால்ஷ். பெயர்க்காமல் ஒலியை மட்டும் எழுதினால் 'பிரானா'. நடிகர் கென்னத் பிரானாவும் கோர்ட்னி வால்ஷும் பெயரளவில் பங்காளிகள். ஜமைக்காவில் கறுப்பினத்தவருக்கு இத்தகைய பெயர்கள் பெரும்பாலும் தோட்ட முதலாளிகள், மேற்பார்வையாளர்கள் வழியாக வந்து ஒட்டியவை. வேல்ஸ் ரத்தத்தை அங்கே தேடிப் பயனில்லை.

தாமர்க்கரை எழுதியது:

ஒரு ஐயம். கொம்பு என்பது கடல்முனையைக் குறிக்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டு போகிறீர்கள். இங்கே உள்ளூர் நூலகத்தில் படித்தது: கார்னோவி என்ற பெயரில் பழைய பிரிட்டனில் இன்னொரு இனக்குழு ஷ்ராப்ஷயர் பக்கத்தில் இருந்திருக்கிறது. அவர்களின் தலைநகர் ராக்ஸெட்டர். அங்கே கடலும் இல்லை, முனையும் இல்லை.

பழையகாகிதம் எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். வட ஸ்காட்லாந்தில் கெய்த்னஸ் பக்கம் மூன்றாவதாக ஒரு கார்னோவியும் உண்டு, பழைய கிரேக்கப் புவியியலாளர் டாலமி எழுதியிருக்கிறார். கெய்த்னஸுக்கும் கார்ன்வாலுக்கும் முனை பொருந்தும், ஷ்ராப்ஷயருக்குப் பொருந்தாது. அதனால் சிலர் கொம்புள்ள தெய்வத்தை வழிபட்டவர்கள் என்கிறார்கள். கெல்டியரிடம் மான்கொம்புத் தெய்வம் இருந்ததற்குச் சிற்பங்கள் இருக்கின்றன. ஷ்ராப்ஷயர்காரர்களுக்கு எது காரணமோ, கார்ன்வாலைப் பொறுத்தவரை நான் முனையின் பக்கம்தான். வரைபடத்தைப் பார்த்தால் போதும். பிரிட்டனிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் பிரான்சின் பிரித்தானி பகுதியிலும் தென்மேற்கு மூலைக்கே 'கோர்னுவாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு தலபுராணமும் உண்டு. மான்மத் ஊர் ஜெப்ரி பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதினார்: டிராய் நகரிலிருந்து வந்த கொரினேயஸ் என்ற வீரன், ராட்சதர்கள் நிறைந்த பகுதி எதுவோ அதுவே தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினானாம், காக்மகாக் என்ற ராட்சதனோடு மல்லுக்கு நின்று அவனைப் பாறையிலிருந்து கடலில் வீசினானாம், அவன் பெயரால் நாடு வழங்கியதாம். அப்படிச் சொன்ன அவரே, கொம்பு என்பதாலும் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை போட்டுவைக்கிறார். புராணிகருக்கும் உள்ளூர ஐயம் இருந்திருக்கிறது.

'கார்ன்வெஆலாஸ்' என்ற பெயர் ஏடேறிய ஒரு இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் 891-ஆம் ஆண்டு. அயர்லாந்திலிருந்து மூன்று பேர் துடுப்பே இல்லாத படகில் புறப்படுகிறார்கள். இரண்டரைத் தோலில் தைத்த படகு. ஏழு இரவுக்குச் சாப்பாடு. கடவுளுக்காகப் பரதேசம் போகவேண்டும், எங்கே என்பது பொருட்டில்லை. ஏழாவது இரவில் கார்ன்வாலில் கரை ஒதுங்குகிறார்கள், அங்கிருந்து நேரே ஆல்பிரெட் மன்னரிடம் போகிறார்கள். குறிப்பு எழுதியவர் மூன்று பேரின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார், ஒருவர் மக்பெத்து. தோல் இரண்டா, மூன்றா என்றுகூட இல்லை. இரண்டரை என்று கேட்டு எழுதியிருக்கிறார் பாருங்கள்.

கம்பத்துக்காரன் எழுதியது:

தாமதமாக வருகிறேன். கெல்டியப் பெயர் என்றதும் எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவரை விட்டுவிட்டீர்களே! முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக். 1895-இல் தண்ணீர் திறந்தது முதல் தேனி மாவட்டத்துக்குக் குலசாமி. ஜனவரி 15 அவர் பிறந்தநாள். பொங்கல் பானையை அவர் படத்துக்கு முன்னால் வைத்துப் பொங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பொருள் தெரிந்தவர் உண்டா?

பழையகாகிதம் எழுதியது:

உண்டு, நல்ல பொருள்தான். எடின்பரோவுக்குத் தெற்கே பெனிகுக் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதிலிருந்து வந்த குடும்பப்பெயர். வேல்ஸ் மொழிக்கு அக்காள் முறையான பழைய கெல்டிய மொழி ஒன்று அந்தப் பகுதியில் வழங்கியது. 'பென்' தலை, குன்று. கடைசியில் இருப்பது 'காக்', குயில். குயில்குன்று. கார்ன்வாலில் இதே 'பென்' எங்கும் கிடைக்கும். பென்சான்ஸ் என்றால் புனித முனை. 'த்ரே, பொல், பென் என்று தொடங்கினால் கார்ன்வால்காரர்' என்று 1602-இலேயே பழமொழியாக எழுதிவைத்திருக்கிறார்கள். நீராவி ரயிலை ஓடவிட்ட ட்ரெவிதிக், மேலே டீச்சர் சொன்ன பென்ட்ரீத் எல்லாம் அந்த வகை. அவற்றில் ஜெர்மானியக் கலப்பு இல்லை.

கம்பத்துக்காரன் எழுதியது:

குயில்குன்று! சுருளி மலைப் பக்கம் இருக்க வேண்டிய பெயர். நாளைக்கே டீக்கடையில் சொல்கிறேன்.

மங்கை டீச்சர் எழுதியது:

கலப்புப் பெயர் வேண்டுமென்றால் நாம் எல்லோரும் திட்டும் ஒருவர் இருக்கிறார்: மெக்காலே. 'மெக்' கெல்டியம், மகன் என்று பொருள். மிச்சம் இருப்பது ஓலாஃப். நார்வே நாட்டு அரசர்கள் வைத்துக்கொண்ட ஜெர்மானியப் பெயர். வைக்கிங்குகள் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் வந்து தங்கினார்கள், பெண்ணெடுத்தார்கள், இரண்டு தலைமுறையில் அங்கிருந்த கெல்டிய மொழியான கேலிக் பேசினார்கள். ஓலாஃப் 'அவ்லே' ஆனார், அவர் வழியினர் 'மெக் அவ்லே'. மெக்காலேயின் முன்னோர் அந்தத் தீவுகளில் ஒன்றான லூயிஸ் தீவுக்காரர்கள்.

காரன்வாலிஸ் என்பது ஊரார் வைத்த பெயர். மெக்காலே என்பது குடும்பம் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பெயர். இரண்டு வகைக் கலப்புக்கும் இந்த இருவரே போதும். அயர்லாந்திலும் மெக்காலே என்று பெயருள்ளவர்கள் உண்டு, ஆனால் அவர்களில் சிலருடைய பெயர் ஐரிஷ் மொழியின் சொந்தப் பெயர் ஒன்றிலிருந்து வந்தது. வைக்கிங் சம்பந்தமே கிடையாது. எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருப்பதை நம்பக் கூடாது.

இந்த மெக்காலே 1834-இல் முதலில் இறங்கியது நம் சென்னையில்தான். உதகைக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்துவிட்டு, பிறகு கல்கத்தா போனார். கல்விக் குறிப்பு எழுதியது அடுத்த ஆண்டு.

குட்டிச்சுவர் எழுதியது:

அப்படியானால் இத்தனை நாள் 'மெக்காலே கல்வி' என்று திட்டியது ஒரு வைக்கிங்கையா? முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் பயந்து திட்டியிருப்பேன்.

கோட்டைநடையன் எழுதியது:

நுங்கம்பாக்கத்தில் வாலஸ் கார்டன் தெரு இருக்கிறதே, அந்த வாலஸும் இந்தக் கூட்டம்தானா? ஸ்காட்லாந்தின் வில்லியம் வாலஸ்?

பழையகாகிதம் எழுதியது:

அதே 'வெஆல்ஹ்', அதே 'எய்ஸ்'. 'லே வாலேய்ஸ்' இங்கிலாந்தில் வாலிஸ் ஆயிற்று, ஸ்காட்லாந்தில் வாலஸ். ஸ்காட்லாந்தின் மாவீரருக்கு 'வேல்ஸ்காரர்' என்று பெயர் எப்படி வந்தது என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி: ஷ்ராப்ஷயரில் வேல்ஸ் எல்லையோரம் நிலம் வைத்திருந்த பிட்ஸ் ஆலன் குடும்பத்து வால்டர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து அரசரின் மாளிகை அதிகாரியாகப் போனார். அவரோடு போன எல்லைப்புறத்து ஆட்களில் ஒருவர் முதல் வாலஸ். இன்னொரு கட்சி: வேல்ஸிலிருந்து யாரும் வரவே வேண்டாம். கிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பதினோராம் நூற்றாண்டு வரை பிரிட்டானிய அரசு ஒன்று இருந்தது. தம்பார்ட்டன் என்ற ஊர்ப்பெயருக்கே 'பிரிட்டானியர் கோட்டை' என்றுதான் பொருள். அந்த உள்ளூர் மக்களையே சுற்றியிருந்தவர்கள் 'வாலேய்ஸ்' என்றார்கள்.

நான் முதல் கட்சி. அயர்ஷயரில் ரிச்சர்ட் வாலஸ் என்பவர் அந்த வால்டரின் கீழ் நிலம் பெற்றிருக்கிறார். ரிக்கார்ட்டன் என்ற ஊர் அவர் பெயரால் வழங்குவதாகச் சொல்வார்கள்.

மங்கை டீச்சர் எழுதியது:

நான் இரண்டாவது கட்சி. அதே பகுதியில் கால்பிரெய்த் என்று இன்னொரு குடும்பம் இருக்கிறதே! கேலிக் மொழியில் 'கால்' வெளியாள், 'பிரெய்த்' பிரிட்டானியர். லோமண்ட் ஏரிப் பக்கம் அவர்கள் நிலைத்திருந்தார்கள். கேலிக்காரர்கள் தங்கள் மொழியில் 'வெளியாள் பிரிட்டானியர்' என்று ஒரு குடும்பத்துக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அங்கே பிரிட்டானியர் தனித்துத் தெரிந்திருக்கிறார்கள். நேருவின் காலத்தில் அமெரிக்கத் தூதராக டெல்லியில் இருந்த பொருளாதார அறிஞர் கால்பிரெய்த், ஸ்காட்லாந்து வழி வந்த கனடாக்காரர், அந்தப் பெயர் கொண்டவர்தான்.

பழையகாகிதம் எழுதியது:

டீச்சர், ஒரு குடும்பத்துக்குப் பொருந்துவது பக்கத்து வீட்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. 1297-இல் வாலஸ் ஆங்கிலேயரை வென்ற ஸ்டர்லிங் பாலத்துச் சண்டை முடிந்ததும் ஜெர்மனியின் லூபெக் நகர வணிகர்களுக்கு ஒரு கடிதம் போயிற்று. 'வணிகம் பழையபடி நடக்கும், வாருங்கள்' என்பது சாரம். அதில் வாலஸின் முத்திரை இருக்கிறது. அவர் ஆலனின் மகன் என்று அந்த முத்திரை சொல்கிறது. ஆலன் என்பது பிரித்தானியிலிருந்து வந்த அந்த பிட்ஸ் ஆலன் குடும்பத்தாரின் பெயர். அவர்களின் ஆட்களிடையே அது பரவியிருக்க வழி உண்டு.

மங்கை டீச்சர் எழுதியது:

முத்திரை தந்தையின் பெயரைச் சொல்கிறது. முப்பாட்டன் எந்த ஊர் என்று சொல்லவில்லை. அந்த நூற்றாண்டில் ஆலன் ஸ்காட்லாந்து முழுவதும் இருந்த பெயர். ஒன்று கவனித்தீர்களா? வாலஸ் பால்கர்க்கில் தோற்ற 1298-இல் லண்டன் மாநகர மேயராக ஹென்றி லே வாலேய்ஸ் என்பவர் வந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். அவர் எந்தக் கட்சி?

கோட்டைநடையன் எழுதியது:

இரண்டு பேரும் சண்டையை நிறுத்தாதீர்கள், நன்றாகப் போகிறது. நடுவில் ஒரு சிறு கேள்வி: காரன்வாலிஸுக்குப் பிறகு வந்த வெல்லெஸ்லி? அதிலும் 'வெல்' இருக்கிறதே, அதுவும் வேற்றார்தானா?

பழையகாகிதம் எழுதியது:

இல்லை. சாமர்செட்டில் வெல்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்து இடத்துப் பெயர் அது. இந்த 'வெல்' ஊற்று, கிணறு. முழுக்க ஆங்கிலம். அயர்லாந்தில் பல காலம் வெஸ்லி என்றே எழுதிவந்தார்கள். தம்பி ஆர்தர், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர், வெல்லெஸ்லி என்று கையெழுத்துப் போடத் தொடங்கியது 1798-இல்தான்.